கல்லுக்கு அடியில் கரி

மத்தியானம் பன்னிரண்டரை மணி.

ஆமாம், மத்தியானம்தான். பேய் என்றால் நடுச்சாமத்தில்தான் வர வேண்டும் என்று எவன் சட்டம் போட்டான்? கரண்ட் வர இன்னும் நேரமாகும். மெழுகுவத்தியை நடுவில் வையுங்கள். ஜன்னல் ஓரம் இருக்கிறவர்கள் இப்போதே உள்ளே தள்ளி வந்துவிடுங்கள். பாதிக் கதையில் எழுந்து அடுத்தவன் மடியில் வந்து விழ வேண்டாம்.

இரண்டாயிரத்து நாலாம் வருஷம், பங்குனி மாதம். மூலக்குளத்திலிருந்து உள்ளே பிரிகிற ஏரிக்கரை ரோடு. இப்போது அங்கே வரிசையாக மாடி வீடுகள். அப்போது ஒரு குடிசை கூடக் கிடையாது. தார் இளகி சைக்கிள் டயரில் ஒட்டுகிற சத்தம் மட்டும்... சப்... சப்... சப்... அந்த வெயிலில் ஆதிமூலம் ஒற்றை ஆளாகப் போய்க்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது. கேரியரில் ஒரு காலி உரச்சாக்கு. அந்த ரோடு போய் முடிகிற இடம் சுடுகாடு.

ஆதிமூலம் யார் என்றால், சாரம் பகுதியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறானே நம்ம கலைச்செல்வன், அவனுடைய பெரியப்பா. கலைச்செல்வன் அளந்து பேசுகிற ஆள். அவன் சொன்னதைத்தான் சொல்கிறேன், கூட ஒரு வார்த்தை போடவில்லை.

சுடுகாட்டுக்கு ராத்திரி போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். அங்கே ராத்திரிதான் ஜனம் அதிகம். சீட்டாடுகிறவன், குடிக்கிறவன், குடித்துவிட்டு அழுகிறவன் என்று கூட்டம் கலையவே கலையாது. உச்சி வெயிலில்தான் ஈ காக்கா இருக்காது. ஆதிமூலத்துக்கு அது தெரியும். யார் கண்ணிலும் படாமல் அவர் எடுத்து வர வேண்டியது ஒன்று இருந்தது.

கரி.

இதைச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஆதிமூலத்தின் வீடு ரோட்டிலிருந்து உள்ளடங்கியது. ரோட்டுக்கு வர ஒரே ஒரு சந்து. ஒரு பக்கம் அடுத்த வீட்டுக்காரரின் மதில். மறு பக்கம் காத்தவராயனின் மனை. காத்தவராயன் வேற்றாள் இல்லை, பங்காளி. ஆதிமூலத்துக்கு அண்ணன் முறை. அவர் தன் எல்லை என்று முள்வேலி போட்டிருந்ததால் சந்து மூன்று அடி அகலம்தான். ஆள் போகலாம், சைக்கிள் போகலாம். பாடை போகாது.

இரண்டாயிரத்து ஒன்றில் ஆதிமூலத்தின் அம்மா செத்துப்போனாள். வேலியை ஒரு அரைமணி நேரம் பிரித்துக் கொடுங்கள், கட்டையைக் கொண்டுபோனதும் திரும்பக் கட்டிக் கொடுக்கிறோம் என்று ஊரே போய்க் கேட்டது. காத்தவராயன் வாசலில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். இன்றைக்குப் பிணம் போகும், நாளைக்குப் பாத்தியதை வரும் என்றார். கடைசியில் பாடையைப் பக்கவாட்டில் சாய்த்துத்தான் தூக்கினார்கள். சாய்த்ததில் கயிறு நெகிழ்ந்து கிழவியின் ஒரு கை வெளியே விழுந்தது. சந்து முடிகிற வரைக்கும் அந்தக் கை மதிலில் உரசிக்கொண்டே போனது... சர்ர்ர்... சர்ர்ர்... என்று.

முன்னால் தீச்சட்டியோடு நடந்தவர் ஆதிமூலம். அந்தச் சத்தம் அவர் காதை விட்டுப் போகவே இல்லை. கருமாதி முடிந்த மறுநாள் அரிவாளை எடுத்து வேலியை வெட்டிப் போட்டார். காத்தவராயன் நேரே கோர்ட்டுக்குப் போய்விட்டார்.

எல்லைத் தகராறு வழக்கு எப்படிப் போகும் என்று இங்கே இருக்கிற வக்கீல் குமாஸ்தாக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிரெஞ்சுக்காரன் காலத்துக் கதாஸ்தர் என்கிற நில அளவை வரைபடம் ஒரு கணக்குச் சொல்லியது. பின்னால் வந்த ரீசர்வே வேறு கணக்குச் சொல்லியது. இரண்டுக்கும் நடுவில் அதே மூன்று அடி இடித்தது. எங்கிருந்தாவது அளந்து வரலாம் என்றால், சுற்றியிருந்த கற்கள் எல்லாம் புது நகர் ரோட்டுக்கு அடியில் போய்விட்டன. வழக்கு இழுத்துக்கொண்டே போனது. மூன்றாவது வருஷம் ஐப்பசி மழையில் காத்தவராயன் மார்பைப் பிடித்துக்கொண்டு செத்தார். அவர் சம்சாரம் செல்வாம்பாளை வழக்கில் சேர்த்தார்கள். வழக்கு நடக்கிறதே என்று ஆதிமூலம் அந்தச் சாவுக்குப் போகவில்லை. பங்காளி சாவு, பத்தடியில் பறை அடிக்கிறது. அவர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பங்குனியில் நீதிபதி ஒரு உத்தரவு போட்டார். கோர்ட்டு நியமிக்கிற வக்கீல், அதாவது அட்வகேட் கமிஷனர், சர்வேயரோடு நேரில் போகட்டும். புதைந்து கிடக்கிற எல்லைக் கல்லைத் தேடட்டும். கல் கிடைத்தால் அதன் அடியைத் தோண்டிப் பார்க்கட்டும்.

ஏன் அடியைத் தோண்டுவது? கல் நடுகிறபோது குழிக்குள் கரியும் ஓட்டுச் சில்லும் போட்டு, மேலே கல்லை நிறுத்துவது அந்தக் காலத்து வழக்கம். மரம் மக்கும், இரும்பு துருப்பிடிக்கும். கரி நூறு வருஷம் ஆனாலும் மண்ணுக்குள் கரியாகவே கிடக்கும். கல்லை எவனாவது பிடுங்கி நகர்த்தினால் அடியில் கரி இருக்காது. அப்போது குட்டு வெளிப்பட்டுவிடும். இது ஆதிமூலத்துக்கு நன்றாகத் தெரியும். இளவயதில் நாலு வருஷம் தினக்கூலிக்குச் சர்வே சங்கிலி பிடித்தவர் அவர்.

அதனால் கமிஷன் வருவதற்கு நாலு நாள் முன்பே அவர் கல்லைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டார். கோரை மண்டிய இடத்தில் ஒரு முழ ஆழத்தில் இருந்தது. வேலி இருந்த அதே கோடு. ஒரு விரல்கூட இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இல்லை. காத்தவராயன் சொன்னது அத்தனையும் நிஜம்.

ஆதிமூலம் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அழுதார். நாம் செத்தாலும் நம்மையும் சாய்த்துத்தான் தூக்குவார்கள், நம் கையும் அந்த மதிலில் உரசிக்கொண்டுதான் போகும் என்று அவருக்குத் தோன்றியது. அழுது முடித்ததும் எழுந்தார். கடப்பாரையைப் போட்டுக் கல்லைக் கிளப்பினார். மூன்று அடி தள்ளி, காத்தவராயன் மனைக்குள், புதுக்குழி வெட்டினார்.

அடியில் இருந்த பழைய கரியைப் பொறுக்கலாம் என்று பார்த்தால், கோரை வேர் துளைத்து, கடப்பாரை பட்டு, எல்லாம் பொடிப்பொடியாக மண்ணோடு கலந்துவிட்டது. புதுக் கரி போடலாமா? இஸ்திரிக் கடைக் கரி பளபளவென்று இருக்கும். சர்வேயர் பார்த்ததுமே சிரிப்பார். மழையில் ஊறி, மண் ஏறிய பழங்கரி வேண்டும். கூடவே பழைய பானை ஓடும் வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடக்கிற இடம் ஊரில் ஒன்றே ஒன்றுதான்.

அங்கேதான் அந்த மத்தியானம் சைக்கிளை நிறுத்தினார்.

காற்று இல்லை. எரிமேடைக்குப் பக்கத்தில் புல் மூடிய ஒரு சரிவு. கையால் கிளறினார். நனைந்த கரி வாசம்... அதற்குள் ஒரு கருகிய நெய் வாசம். இரண்டு கை நிறைய அள்ளிச் சாக்கில் போட்டார். ஏழெட்டு ஓட்டுச் சில்லு பொறுக்கினார். ஒரு சில்லில் வெள்ளையாகச் சுண்ணாம்புக் கோடு இருந்தது. கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை. சரி, மண் பட்டால் மறைந்துவிடும் என்று அதையும் போட்டுக்கொண்டார்.

திரும்பும்போது பெடல் மிதிக்க முடியவில்லை. சாக்கில் இருந்தது இரண்டு கிலோ கரி. ஒரு ஆளை டபுள்ஸ் ஏற்றி வருகிற கனம் கனத்தது. பாதி வழியில் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார். வெயில் என்று நினைத்துக்கொண்டார்.

கமிஷன் அன்று பத்து மணிக்கு வர வேண்டியவர்கள் பன்னிரண்டுக்கு வந்தார்கள். சின்ன வயசு வக்கீலம்மா ஒருவர், சர்வேயர், டேப் பிடிக்க இரண்டு ஆள். தேடிக் கல்லைக் கண்டுபிடித்தார்கள், அவர்கள் கண்டுபிடிக்கிற மாதிரிதானே ஆதிமூலம் வைத்திருந்தார்! தோண்டினார்கள். கரி வந்தது. ஓடு வந்தது. சர்வேயர் ஒன்றைத் தேய்த்து முகர்ந்து பார்த்துவிட்டு, பழைய கரிதான், கல் அசையவில்லை என்றார். வக்கீலம்மா எழுதிக்கொண்டார்.

செல்வாம்பாள் குழியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். குனிந்து ஒரு சில்லை எடுத்தாள். சுண்ணாம்புக் கோடு போட்ட சில்லு. அதன் நடுவில் வட்டமாக ஒரு துளை. கொள்ளி வைக்கும்போது தோளில் குடத்தைத் தூக்கிக்கொண்டு மூன்று சுற்று வருவார்கள் இல்லையா... சுற்றுக்கு ஒரு துளை போடுவார்களே... அந்தத் துளை. மண் அடைத்திருந்ததால் ஆதிமூலம் அப்போதுதான் அதைக் கவனித்தார்.

இதோ இப்போது சொல்லப்போகிறாள், எல்லாம் முடிந்தது என்று நினைத்தார். அவள் சொல்லவில்லை. சில்லைத் திரும்பக் குழியில் வைத்தாள். எல்லாரும் ஜீப் ஏறிய பிறகு அவர் பக்கத்தில் வந்தாள்.

"அன்னிக்கு அடைமழை. புதுப்பானை கெடைக்கல. பொங்கலுக்கு நான் கோடு போட்டு வெச்ச பானையத்தான் குடுத்தனுப்பினேன். சாவுக்கு நீ வந்திருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்கும், ஆதிமூலம்."

அவர் காலால் மண்ணைத் தள்ளிக் குழியை மூடப் பார்த்தார்.

"உன் கையாலயே அவரக் கூட்டியாந்து குடி வெச்சிட்ட," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறு வருஷம் தீர்ப்பு வந்தது. கல் இருக்கிற இடமே எல்லை. சந்து ஆறு அடி. செல்வாம்பாள் அப்பீலுக்குப் போகவில்லை. ஆதிமூலம் கல்லோடு சேர்த்துச் செங்கல் சுவர் எழுப்பி, சந்தின் இரண்டு பக்கமும் சுண்ணாம்பு அடித்தார். முதல் நாள் சந்தின் நடுவில் கையை விரித்துக்கொண்டு நடந்தார். பொண்டாட்டி பாக்யலட்சுமி அதைப் பார்த்துச் சிரித்தாளாம்.

அது ஒரு வாரம்தான்.

ஒரு மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவுகிறபோது சத்தம் கேட்டது. சரக்... சரக்... சரக்... ரப்பர் செருப்பு. குதிகாலுக்கு முன்னால் குதிகால் வைத்து, அடி அடியாக அளந்து நடக்கிற சத்தம். காத்தவராயன் உயிரோடு இருந்தபோது தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு தன் எல்லையை அப்படித்தான் அளப்பார். ஆதிமூலம் எட்டிப் பார்த்தார். சந்தில் யாரும் இல்லை. வெயில் மட்டும் அடித்தது. நனைந்த கரி வாசம் வந்தது.

அதற்குப் பிறகு தினமும் பன்னிரண்டரைக்குக் கேட்டது. பாக்யலட்சுமிக்குக் கேட்கவில்லை.

ஒரு நாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறார்... ஹேண்டில் இரண்டு பக்கமும் இடித்தது. ஆறு அடிச் சந்தில்! இன்னொரு நாள் முழங்கை இடித்தது. ஆடி மாதம் முடிவதற்குள் பக்கவாட்டில் திரும்பித்தான் நடக்க முடிந்தது. பாக்யலட்சுமி இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம் என்று சாதாரணமாகப் போய் வந்தாள். இவர் போனால் மட்டும் சட்டை கிழியும். இரண்டு தோளிலும் சுண்ணாம்பு அப்பியிருக்கும். உங்களுக்குத்தான் ஏதோ பிரமை என்று அவள் சொல்லிப் பார்த்தாள். பிறகு அந்தத் தோல் உரிந்த தோள்களைப் பார்த்துப் பார்த்து அவளே மஞ்சள் அரைத்துப் பூச ஆரம்பித்தாள்.

சர்வேயரைக் கூப்பிட்டு அளக்கச் சொன்னார். ஆறு அடி, இம்மி பிசகவில்லை. ஆஸ்பத்திரியில் நரம்புக்கு மாத்திரை கொடுத்தார்கள். ஒரு ராத்திரி கல்லையே பிடுங்கி, கரியை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய்ப் போட்டுவிடுவது என்று தோண்டினார். அவர் நட்ட கல், நீளம் இரண்டு அடி. மார்பளவு ஆழம் தோண்டினார். கல்லின் அடி வரவில்லை. கல் கீழே போய்க்கொண்டே இருந்தது.

கடைசியில் தன் வக்கீல் ஹரிகிருஷ்ணனிடம் போய் அழுதார். தீர்ப்பை மாற்ற வேண்டும், அப்பீல் போடுங்கள் என்றார்.

"ஜெயிச்சவன் அப்பீல் போட முடியாது, ஆதிமூலம். நஷ்டப்பட்டவன்தான் போடணும்."

"நான்தான் சார் நஷ்டப்பட்டவன்," என்றார் அவர்.

வக்கீல் கேஸ் கட்டை மூடி வைத்தார். பிறகு, அவ்வளவு மனசாட்சி உறுத்தினால் மூன்று அடியை அந்த அம்மாவுக்கே எழுதிக் கொடுத்துவிடு, அவர்கள் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். ஆதிமூலத்துக்கு உயிர் வந்தது. அன்றைக்கே செல்வாம்பாள் வாசலில் போய் நின்றார். கல்லை நகர்த்தியதை வாய்விட்டுச் சொன்னார். அண்ணி, அண்ணி என்று காலில் விழுந்தார்.

வீட்டுக்குள் ஒரு இலை போட்டிருந்தது. சோறு, குழம்பு, பொரியல். அவள் மட்டும்தான் அந்த வீட்டில்.

"தெனம் மத்தியானம் அவரு நடக்கிற சத்தம் கேக்குது, ஆதிமூலம். எனக்கு அது போதும். நீ எழுதிக் குடுத்து நான் வாங்கிக்கிட்டா அவரு போயிடுவாரு. நான் வாங்க மாட்டேன்."

அதற்கு மேல் அவருக்குப் போக இடமில்லை. கோர்ட்டு அவர் பக்கம்தான். பத்திரம் அவர் பக்கம்தான். ஆனால் ஐப்பசி வந்தபோது சந்து ஒரு சாண் ஆகிவிட்டது. ஆதிமூலம் வீட்டை விட்டு வெளியே வருவதை நிறுத்திவிட்டார். வாசற்படியில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். மத்தியானம் ஆனால் காதைப் பொத்திக்கொள்வார். இப்படியே ஒன்றரை வருஷம். வழிக்காகச் சண்டை போட்ட மனுஷன், வழி இல்லாமல்.

இரண்டாயிரத்து ஏழு, மாசி. மார்பு வலி வந்தது. கலைச்செல்வன் ஆட்டோவோடு ஓடி வந்தான். தூக்கப் போனால் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"அந்தப் பக்கம் தூக்காதடா... நெஞ்செலும்பு நொறுங்கிடும்டா..."

அப்படியே போய்ச் சேர்ந்தார்.

மறுநாள் பாடை கட்டினார்கள். ஆண்பிள்ளை இல்லை, கலைச்செல்வன்தான் கொள்ளி. நாலு பேர் தோள் கொடுத்துத் தூக்கினார்கள். ஆறு அடிச் சந்து, தாராளமாகப் போகிறது. கல்லுக்கு நேராக வந்ததும் நின்றது. சுவரில் இடிக்கவில்லை. கயிறு மாட்டவில்லை. முன்னால் இரண்டு பேர் இழுக்கிறார்கள், பின்னால் இரண்டு பேர் தள்ளுகிறார்கள். பாடை மட்டும் நகரவில்லை. பறை நின்றது. மணி பன்னிரண்டரை.

செல்வாம்பாள் வந்தாள். கல்லுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். புருஷன் தோளைத் தொடுகிற மாதிரி அந்தக் கல்லைத் தொட்டாள்.

"போதுங்க. அவங்க அம்மாவத்தான் வுடல. இவனையாச்சும் வுட்டுடுங்க," என்றாள். அவள் அழுததை ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது.

பாடை கிளம்பியது. சாயாமல், நேராகப் போனது.

சுடுகாட்டில் கலைச்செல்வன் குடத்தோடு மூன்று சுற்று வந்தான். இரண்டாவது சுற்றில் வெட்டியானின் கத்தி வழுக்கி, துளையின் ஓரம் பிளந்து ஒரு கீறல் விழுந்தது. தண்ணீர் முதுகில் வழிந்தது. குடத்தைப் பின்னால் போட்டு உடைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்தான். அவ்வளவுதான், தீர்ந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

மறுநாள் விடியற்காலை பால் தெளிக்கப் போனார்கள். சாம்பல் இருந்தது. எலும்பு இருந்தது. கரி இல்லை. பேருக்குக்கூட ஒரு துண்டு இல்லை. வெட்டியான் சாம்பலைக் கிளறிக் கிளறிப் பார்த்தான். முப்பது வருஷமாக எரிக்கிறேன், இப்படிப் பார்த்ததில்லை என்றான். உடைத்த குடத்தின் ஓடுகளும் இல்லை.

கலைச்செல்வன் பெரியப்பா வீட்டுக்கு வந்தான். சந்து முனையில் செல்வாம்பாள் நின்றுகொண்டிருந்தாள். நேற்று பாடை போன பிறகு மத்தியான நடை கேட்கவில்லை, ராத்திரி பூராவும் காது கொடுத்திருந்தேன், அப்போதும் இல்லை, அவர் போய்விட்டார் என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சொன்னாள். பிறகு உள்ளே கையைக் காட்டினாள்.

சுவர் ஓரத்தில் கல் இல்லை. அது இருந்த இடத்தில் புல் மூடியிருந்தது. மூன்று அடி தள்ளி, சந்துக்கு நட்டநடுவில், பழைய எல்லைக் கோட்டில் கல் நின்றது. சுற்றிலும் மண் கிளறிய அடையாளமே இல்லை. நூறு வருஷமாக அங்கேயே நிற்கிற மாதிரி, அடியில் பாசி பிடித்திருந்தது.

கலைச்செல்வன் மண்டியிட்டுக் கையாலேயே மண்ணைத் தோண்டினான். ஒரு முழம் போனதும் விரலைச் சுட்டது. கரி. இன்னும் சூடு ஆறவில்லை. அதற்குள் ஒரு ஓட்டுச் சில்லு. எடுத்துத் துடைத்துப் பார்த்தான். நடுவில் ஒரு துளை. துளையின் ஓரத்தில் கத்தி வழுக்கிய கீறல். சில்லின் உட்பக்கம் தண்ணீர் இன்னும் காயவில்லை.